மலையின் உயரத்தைக் கொண்டு அதன் வேரைக் கணக்கிடுவது எப்படி?

புவித்தட்டுகள் மோதினால் மேலோடு தடிக்கும். தடித்த மேலோடு எவ்வளவு உயரம் எழும் என்பதைத் தீர்மானிப்பது ஐசோஸ்டசி, அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள அடர்த்தி மிகுந்த கவசத்தின் மேல் மேலோடு மிதக்கும் சமநிலை. தடித்த மேலோட்டில் கவசத்துக்குள் அமிழ்ந்து நிற்கும் கூடுதல் பகுதிதான் மலையின் வேர். உயரத்தையும் வேரையும் இணைக்கும் கணக்குக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். திபெத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

தேவையான எண்கள் மூன்று. கண்ட மேலோட்டின் அடர்த்தி 2.8, கவசத்தின் அடர்த்தி 3.3 (கன செ.மீ.க்கு கிராம்), கடல்மட்டத்தில் உள்ள நிலத்துக்கு மேலோட்டின் தடிமன் 35 கி.மீ.

வேர் = உயரம் × 2.8 ÷ (3.3 − 2.8). அதாவது உயரத்தைப் போல 5.6 மடங்கு. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 5 கி.மீ. என்பதால் வேர் 28 கி.மீ. ஆக மொத்தத் தடிமன் 35 + 5 + 28 = 68 கி.மீ. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தாலும் அங்கே பெரும்பாலும் 65 முதல் 75 கி.மீ. வரைதான் வருகிறது. இவ்வளவு எளிய சூத்திரத்துக்கு இது நல்ல மதிப்பெண்தான்.

தலைகீழாகவும் போடலாம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்தியா–ஆசியா மோதலில் 35 கி.மீ. மேலோடு 70 ஆகத் தடித்தது என்று கொள்ளுங்கள். கூடுதல் 35 × 0.5 ÷ 3.3 = 5.3 கி.மீ. உயரம்.

பலரும் தவறுவது உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில். எவரெஸ்டின் 8,849 மீட்டரைப் போட்டால் தடிமன் 93 கி.மீ. என்று வரும், அது பொய். சிகரத்தை விட்டுவிட்டு, இருநூறு கி.மீ. அகலமாவது உள்ள பரப்பின் சராசரியை எடுங்கள். தனிச் சிகரத்தையும் சிறு குன்றையும் தட்டின் விறைப்பே தாங்கிக்கொள்ளும். சென்னைப் பரங்கிமலைக்குத் தனியாக வேர் எதுவும் கிடையாது. அடர்த்தியிலும் கவனம் வேண்டும். 2.8க்குப் பதில் 2.7 போட்டால் மேலே கண்ட 5.3 கி.மீ. 6.4 ஆகிவிடும்.

அரிப்பைக் கணக்கிட, அரிந்துபோன தடிமனை 2.8 ÷ 3.3 ஆல், அதாவது 0.85 ஆல் பெருக்குங்கள். 1 கி.மீ. பாறை போனால் நிலம் 850 மீட்டர் மேலெழும். சராசரி உயரம் 150 மீட்டர்தான் குறையும். 5.3 கி.மீ. உயரம் முழுவதும் கரைய 35 கி.மீ. பாறை அரிபட வேண்டும். நிலத்தின் அடியாழத்தில் உருவான சார்னோகைட் பாறை இன்று பரங்கிமலையில் வெயில் காய்வதில் அரிப்புக்கும் இந்த மேலெழுச்சிக்கும் பெரும்பங்கு உண்டு.

இந்தச் சூத்திரம் அசைவு அடங்கிய இடத்துக்கு மட்டுமே பொருந்தும். கவசம் மிக மெதுவாகத்தான் நகரும். ஸ்காண்டிநேவியாவின் பனிப்பாளம் உருகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள பாத்னியா வளைகுடாவின் கரை ஆண்டுக்கு 9 மி.மீ. அளவில் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே இன்றைய உயரத்தைப் போட்டு வேரைக் கணக்கிடாதீர்கள், விடை தவறும்.