ஏஜிஓ: +2 வெள்ளி இல்லாத வெள்ளி ஆக்சைடை வெஸ்டாவில் வரைதல்

சில்வர்-துத்தநாக மின்கலங்களில் பயன்படும் கறுப்புப் பொடியான ஏஜிஓவின் (AgO, வெள்ளி ஆக்சைடு) வாய்பாட்டைப் பார்த்ததும், ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண்ணை −2 என்று கணக்கிட்டு, வெள்ளிக்கு +2 என்று எழுதிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் +2 வெள்ளி டி9 அமைப்புடையது, அதாவது அதன் டி ஆர்பிட்டால்களில் ஒன்பது எலக்ட்ரான்கள் உள்ளன. அதில் இணையாகாத எலக்ட்ரான் ஒன்று இருந்தாக வேண்டும். ஏஜிஓவோ டையா காந்தத் தன்மை உடையது, அதாவது அதில் இணையாகாத எலக்ட்ரான்களே இல்லை. இந்த முரண்பாட்டுக்கான விடையைப் படிகத்தை வரைந்தே கண்டுகொள்ளலாம்.

படி 1: படிகங்களை வரையும் மென்பொருளான வெஸ்டாவில் (VESTA) புதிய கட்டமைப்பைத் திறந்து, 14-ஆம் ஸ்பேஸ் குரூப்பான (படிகத்தின் சமச்சீர்மை வகை) பி21/சி-யைத் தேர்ந்தெடுத்து, அலகுக் கூட்டின் அளவுகளாக ஏ = 5.859, பி = 3.484, சி = 5.500 ஆங்ஸ்ட்ராம், பீட்டா = 107.5° என உள்ளிடுங்கள். ஆயத்தக் கோப்பைத் தரவிறக்குவதைவிடக் கையால் உள்ளிடுவதே மேல் என்பேன். உள்ளிட வேண்டியவை மூன்றே அணுக்கள்தாம்.

படி 2: அணுக்களின் இடங்களை அலகுக் கூட்டின் பக்கங்களின் பின்னங்களாக உள்ளிடுங்கள்: முதல் வெள்ளி (0, 0, 0), இரண்டாம் வெள்ளி (0.5, 0, 0.5), ஆக்சிஜன் (0.295, 0.350, 0.230). மற்ற அணுக்களைச் சமச்சீர்மையே நிரப்பிவிடும்.

படி 3: நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்த இடம் இதுதான். வெள்ளி–ஆக்சிஜன் பிணைப்பின் உச்ச நீளத்தை, தாராளமாக இருக்கட்டும் என்று 2.7 ஆங்ஸ்ட்ராம் என வைத்திருந்தேன். இரண்டு வெள்ளிகளும் நான்கு ஆக்சிஜன்களோடு இணைந்து, ஒரே வகை அணுக்கள் போலத் தோன்றின. முதல் வெள்ளிக்கு 2.65 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்களையும் மென்பொருள் பிணைப்பாக எண்ணிக்கொண்டதே காரணம். உச்ச நீளத்தை 2.3 ஆக்குங்கள்.

இப்போது முதல் வெள்ளி, 2.18 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு ஆக்சிஜன்களோடு நேர்கோட்டில் அமைந்திருப்பதைக் காண்பீர்கள். இது +1 வெள்ளி, டி10. இரண்டாவது, 2.01, 2.06 ஆங்ஸ்ட்ராம் தொலைவுகளில் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த தளசதுரம். இது +3 வெள்ளி, டி8. இரண்டிலும் எலக்ட்ரான்கள் அனைத்தும் இணையாகிவிடுகின்றன. +2 என்பது இவ்விரண்டின் சராசரி மட்டுமே. மெய்யான +2 வெள்ளியைக் காண விரும்புபவர்கள் ஏஜிஎஃப்2-ஐப் (AgF₂, வெள்ளி ஃப்ளூரைடு) பார்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: படத்தில் தளசதுரமே வரவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 14-ஆம் எண்ணின்கீழ் பி21/என், பி21/ஏ ஆகிய அமைப்புகளும் பட்டியலில் உள்ளன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இதே எண்கள் வேறொரு படிகத்தை வரையும். (0, 0, 0) வெள்ளிக்கு 2.18-இல் இரண்டு ஆக்சிஜன்களும், (0.5, 0, 0.5) வெள்ளிக்கு 2.01, 2.06 தொலைவுகளில் நான்கும் கிடைக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் முதல் படிக்கே திரும்புங்கள்.