தொட்டித் தண்ணீருக்கு எந்த அளவு பைப்?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு இதே தொல்லை. அண்ணி குசினியில் குழாயைத் திறந்தால், குளியலறையில் அம்மா தலையில் சீயக்காயோடு நிற்பார். போன மாதம் பைப்பை நானே மாற்றினேன். இப்போது மூன்று குழாயும் ஒன்றாக ஓடுகின்றன.

முதலில் உயரம். தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரை டேப் பிடியுங்கள். 1 மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம், அவ்வளவுதான். எங்களுக்கு 2 மீட்டர், அதாவது 0.2 பார். பைப் சிறுத்தால் தண்ணீர் நூல் போலத்தான் வரும்.

அப்புறம், ஒரே நேரத்தில் எத்தனை குழாய் ஓடும் என்று எண்ணுங்கள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பிபிஆர் பைப்பில் (சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் பைப்) 20 மி.மீ. என்று எழுதியிருப்பது வெளிவிட்டம். பிஎன் 20 என்ற அழுத்த ரகத்தில் சுவரே 3.4 மி.மீ. தடிப்பு. இரு பக்கமும் கழித்தால் தண்ணீர் போக 13.2தான் மிச்சம். 25க்கு 16.6, 32க்கு 21.2. முக்கால் இஞ்சு பிவிசியைக் கழற்றிவிட்டு 20 பிபிஆர் போட்டேன். புதுப் பைப்பில் தண்ணீர் முன்பைவிடக் குறைந்துபோனது.

உள்விட்டம் கொஞ்சம் கூடினாலே ஓட்டம் நிறையக் கூடும். அதே உயரம், அதே நீளத்தில் 20ஐவிட 25 சுமார் 1.8 மடங்கும், 32 சுமார் 3.5 மடங்கும் தரும். அதனால் மூன்று 20 கிளைக்கு ஒரு 32 தாய்ப் பைப். அது வழியில் எங்கும் மேடேறி இறங்கக்கூடாது, காற்று அடைத்துக்கொள்ளும்.

தாய்ப் பைப்பிலிருந்து கிளைகள் பிரியும் மேனிஃபோல்டை, 32 பைப்பில் 20 கிளை பிரியும் டீக்களை (T வடிவ இணைப்பு) ஒட்டியே செய்யுங்கள். கடைப் பித்தளை மேனிஃபோல்டு சிலவற்றில் வால்வுத் துவாரம் மிகச் சிறியது, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கிளைக்கு ஒரு முழுத்துவாரப் பால் வால்வு (உருண்டை வால்வு, ball valve) போதும்.

ஒட்டும்போது 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20க்கு 5 வினாடி, 32க்கு 8 வினாடி. அதற்கு மேல் பிடித்தால் பிளாஸ்டிக் உருகி உள்ளே வளையமாகச் சுருளும். சந்தேகப்பட்டு ஒட்டிய இணைப்பு ஒன்றை அறுத்துப் பார்த்தேன், பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த பக்கத்து வரிசை அண்ணன், தண்ணீர் நன்றாக வந்தும் ஹீட்டர் சூடாகவில்லை என்றார். உடனடி ஹீட்டருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், பைப்பைப் பெரிதாக்கினாலும் தொட்டியின் உயரம் அதிகமாகிவிடாது. பம்ப் உள்ள ஹீட்டராக வாங்குங்கள்.