குட்டை அணியிடம் நெட்டை ஆள் மாட்டினால்: ஸ்விட்ச் செய்வது எப்படி?

குன்னூரில் நாங்கள் ஆடும் சிமெண்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டில் ஆறடி மூன்றங்குலம் நான் ஒருவன்தான். ரிங்குக்குக் கீழே நின்றாலே போதும் என்று மூன்று வருஷம் ஓட்டினேன். அப்புறம் எதிரணிக்கு ஐந்து கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். எவனும் ஐந்தடி எட்டங்குலத்தைத் தாண்டவில்லை, ஆனால் எல்லோரும் மூணு பாயிண்ட் எறிவார்கள். ரிங்கடியில் நான் பிடிக்க ஆளே இல்லை. அடி வாங்கியே கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. ஸ்கிரீன் என்றால், பந்துக்காரனைக் காக்கும் நம்மாளின் வழியை எதிரணி ஆள் ஒருவன் வந்து மறித்து நிற்பது. அப்போது நாம் இருவரும் பிடிக்கும் ஆளை மாற்றிக்கொள்வதுதான் ஸ்விட்ச்.

1. முதலில் குரல். ஸ்கிரீன் போடப் போகிறவன் உங்கள் ஆள், அதாவது நீங்கள் பிடிக்கும் எதிரணிக்காரன். பந்துக்காரனைக் காக்கும் நம்மாளுக்கு முதுகில் கண் இல்லை. ஸ்கிரீன் ஒட்டுவதற்கு முன்பே "ஸ்விட்ச்" என்று கத்துங்கள்.

2. ஸ்கிரீன் போடுகிறவனின் இடுப்பைத் தொடும் தூரத்தில் கூடவே போங்கள். இரண்டடி பின்னால் நின்றால், அந்த இடைவெளியில் பந்துக்காரன் எறிந்துவிடுவான்.

3. என்னைக் கவிழ்த்த இடம் இது. ஆள் மாறியதும், தாண்டிவிடுவானோ என்ற பயத்தில் பின்வாங்கினேன். மூணு பாயிண்ட் கோடு ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) அளவில் 6.75 மீட்டர். அங்கே அவன் நிம்மதியாக நின்று எறிந்தான். சரி என்று மேலே போய் ஒட்டினேன். எறிவதுபோல் பாசாங்கு காட்டினான், நான் குதித்தேன், அவன் கீழே புகுந்து போய்விட்டான். இப்போது ஒரு கை தூரம்தான். ஒரு கால் முன்னே, ஒரு கை மேலே. அவன் பந்தை விடும்வரை குதிப்பதில்லை. பந்தைத் தட்டப் போவதும் இல்லை, அது ஃபவுலில்தான் முடியும். தாண்டினால் தாண்டட்டும். ஓரக்கோட்டுப் பக்கம் திருப்பிவிட்டு ஒரு எட்டு பின்னால் வந்தாலே லே-அப்பை (ரிங்குக்கு அருகே ஓடிவந்து போடும் பந்தை) என் கை எட்டும்.

4. நீங்கள் வெளியே இருப்பதால் ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, நெட்டை ஆள் இருக்காது. மற்ற நால்வரும் பாக்ஸ்-அவுட் (எதிராளியை முதுகால் மறித்து ரிங்கை விட்டுத் தள்ளி வைப்பது) செய்தே ஆகவேண்டும்.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2015 என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதியின் நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணி, நெட்டை ஆளான போகட்டை உட்காரவைத்து அவரைவிடக் குட்டையான இகுவோடாலாவை இறக்கி ஜெயித்தது. எதிரே ஐந்து குட்டை ஆட்கள் என்றால் ஸ்விட்ச் செய்வதில் நஷ்டமும் குறைவு: ஸ்கிரீன் போட்டவனைப் பிடிக்கப் போகும் நம் பொடியனை ரிங்கடியில் அமுக்க அவர்களிடம் பெரிய ஆள் கிடையாது.

ஷூ: ஓட்டத்துக்கான ஷூ வேண்டவே வேண்டாம். குதிகால் உயரம், பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். மீன்முள் கோடு போட்ட ரப்பர் அடிதான் என் கட்சி. மேகம் இறங்கி சிமெண்ட் நனைந்தால் அதுவும் வழுக்கும். துடைக்க ஒரு சாக்குத்துணி கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை: "சீக்கிரம் கத்தினேன், ஸ்கிரீன் போட வந்தவன் நிற்காமல் ரிங்குக்கு ஓடிவிட்டான்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். என் தப்புதான், விட்டுப்போயிற்று. குரல் முன்னால், கால் பின்னால். ஸ்கிரீன் நம்மாள் மேல் படும்வரை உங்கள் ஆளை விடாதீர்கள். பட்டதும் நம் பொடியன் அவனுக்கும் ரிங்குக்கும் நடுவே நுழையட்டும், அப்புறம் நீங்கள் பந்துக்குப் போங்கள்.