வீட்டுக்கு கிளாம்ப் மீட்டர் வாங்குறீங்களா? சின்ன ரேஞ்சை முதல்ல பாருங்க

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கழட்டாம, அதைச் சுத்திப் பிடிச்சே கரண்ட்டை அளக்குற மீட்டர்) வாங்கப்போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது 400 ஆம்பியரா 600 ஆம்பியரான்னுதான், ஆனா வீட்டுல ஹீட்டர், ஏர்கண்டிஷனர், தண்ணி மோட்டார்னு தனித்தனியா அளந்தா பெரும்பாலும் 20 ஆம்பியருக்குள்ளயே முடிஞ்சிரும். அதனால பெரிய நம்பர் நமக்கு தேவையே இல்ல, சின்ன கரண்ட்டை எவ்ளோ ஒழுங்கா காட்டுதுங்கறதுதான் முக்கியம்.

மேனுவல்ல அக்யூரசின்னு ஒரு வரி இருக்கும், 2% + 5 டிஜிட்னு போட்டிருப்பாங்க. இந்த டிஜிட்டைத்தான் யாரும் கவனிக்கிறதில்ல. மீட்டர் 0.1 ஆம்பியர் வரைக்கும்தான் காட்டும்னா 5 டிஜிட்னா, அதாவது கடைசி இலக்கத்துல 5, அரை ஆம்பியர் முன்னபின்ன இருக்கலாம்னு அர்த்தம். 230 வோல்ட்டுல 60 வாட் ஃபேன் எடுக்குறதே கால் ஆம்பியர் சொச்சம்தான், அப்போ அந்த ரீடிங்கை வச்சு என்ன பண்ண முடியும்? 0.01 வரைக்கும் காட்டுற ரேஞ்ச் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அடுத்து ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது கரண்ட் அலை எந்த வடிவத்துல இருந்தாலும் நிஜ அளவைக் காட்டுற வசதி, இது கண்டிப்பா வேணும். எல்இடி லைட், கம்ப்யூட்டர், பிஎல்டிசி ஃபேன் மாதிரி ஐட்டம்லாம் கரண்ட்டை விட்டு விட்டு இழுக்கும், சாதா மீட்டர் அதை நிஜத்தை விட நல்லாவே கம்மியா காட்டிரும்.

சோலார், இன்வெர்ட்டர் பேட்டரி அளக்கணும்னா டிசி கரண்ட்டும் பாக்குற மாடலா இருக்கணும், ஏன்னா விலை கம்மி மீட்டர் நிறைய ஏசி கரண்ட் மட்டும்தான் பாக்கும், டிசின்னு போட்டிருந்தாலும் அது வோல்டேஜுக்கு மட்டுமா இருக்கலாம், நல்லா படிச்சுப் பாருங்க. டிசி அளக்குறதுக்கு முன்னாடி ஜீரோ பட்டனை ஒருதடவை அமுக்கிக்கோங்க.

சேஃப்டில கஞ்சத்தனம் வேணாங்க. டிபி பாக்ஸ்ல (வீட்டுக்குள்ள கரண்ட்டைப் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) கை வைக்கப்போறீங்கன்னா கேட் 3 (CAT III), 600 வோல்ட்ங்கற பாதுகாப்பு ரேட்டிங் மீட்டர்லயும் இருக்கணும், கூட வர்ற ப்ரோப் வயர்லயும் இருக்கணும். டிபி மூடியைக் கழட்டி பழக்கமில்லன்னா எலக்ட்ரீஷியனை வச்சு அளங்க, உள்ள லைவ் இருக்கும்.

அளக்கும்போது ஒரே ஒரு வயரைத்தான் கிளாம்ப்புக்குள்ள விடணும். முழு கேபிளையும் சேத்துப் பிடிச்சா ஃபேஸ்ல போறதும் நியூட்ரல்ல வர்றதும் ஒண்ணையொண்ணு அடிச்சு ஜீரோதான் காட்டும், மீட்டர் ரிப்பேர்னு நினைச்சிறாதீங்க. இதுக்குன்னு வயரைப் பிரிச்சு வச்ச லைன் ஸ்ப்ளிட்டர் கிடைக்குது, ப்ளக் பாயிண்ட்ல போட்டுக்கலாம். ரொம்ப சின்ன கரண்ட்டுன்னா, சப்ளையை ஆஃப் பண்ணிட்டு இன்சுலேஷன் உள்ள ஒத்த வயரை கிளாம்ப்புக்குள்ள 10 சுத்து சுத்தி, திரும்ப ஆன் பண்ணி வர்ற ரீடிங்கை 10-ஆல வகுத்துக்கோங்க, ஓரளவு சரியா வரும்.

ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா சப்ளையை கட் பண்ற ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகுது, லீக்கேஜ் எங்கன்னு தேடணும்னா இந்த மீட்டர் பத்தாது. வீட்டு ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே ட்ரிப் ஆகுற ரகம்தான், அதுக்கு மில்லி ஆம்பியர்ல அளக்குற லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் தனியா இருக்கு, அதுல ஃபேஸையும் நியூட்ரலையும் வேணும்னே சேத்துப் பிடிச்சுதான் பாக்கணும், ஜீரோ ஆகாம மிச்சம் காட்டுறதுதான் லீக்கேஜ்.