நோர்வேஜிய மொழிக்காரருக்கு: ‘ஈவென்ச்சுவலி’ எழுதும் முன்

ஆங்கிலத்தில் ‘ஈவென்ச்சுவலி’ எழுதப்போகும் இடத்தில் முதலில் ‘தில் ஸ்லுத்’, அதாவது ‘கடைசியில்’, போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தவில்லையா? ‘பாசிப்ளி’ அல்லது ‘இஃப் நெசசரி’ என்று மாற்றிவிடுங்கள்.

நோர்வேஜிய ‘எவென்டுவெல்ட்’டுக்கு ‘நடந்தாலும் நடக்கலாம்’ என்று பொருள். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லோ ‘தாமதமானாலும் நடக்கும்’ என்கிறது. ‘வீ வில் ஈவென்ச்சுவலி பே’ என்றால் தேவைப்பட்டால் தருவோம் என்றல்ல, என்றைக்காவது கட்டாயம் தருவோம் என்றே படிப்பார்கள். பணம் பேசும் மின்னஞ்சலில் இது வீண் வம்பு.

நோர்வேஜியச் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இந்தச் சோதனை உதவாது: ‘எவென்டுவெல்லே ஸ்பொஷ்மோல்’ என்பது ‘எனி குவெஸ்டியன்ஸ்’. கூட்ட நிரலின் கடைசி வரியில் நிற்கும் ‘எவென்டுவெல்ட்’டுக்கு ‘எனி அதர் பிசினஸ்’, அதாவது ‘பிற விஷயங்கள்’.