வெயிலூரில் எனக்கு வைட்டமின் டி குறைந்த கதை

கோலாலம்பூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் என் வைட்டமின் டி லிட்டருக்கு 31 நானோமோல்தான். 50க்குக் கீழே போனாலே குறைபாடு. செந்தூலில் வீடு, எல்.ஆர்.டி. ரயில் பயணம், அப்புறம் நாள் முழுக்க ஏர்கான். ஜன்னலோரம்தான் உட்கார்கிறேன், தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறதாம்.

அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. 'டி குறைந்தால் இதய நோய்' என்று எங்கோ படித்ததும் பயந்துபோய் நாளுக்கு மூன்று மாத்திரை விழுங்க ஆரம்பித்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் டாக்டரம்மா சிரித்தார். "தம்பி, உடம்பு முடியாதவர்கள் வெளியே போவதே குறைவு. அதனாலும் டி குறையலாம் இல்லையா?" அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேரில் பாதிப் பேர் தினம் 2000 யூனிட் டி வீதம் ஐந்து வருஷம் சாப்பிட்டும் மாரடைப்பு குறையவில்லையாம். அதிகம் விழுங்கினால் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும் என்றும் சொன்னார். அப்புறம் அறிக்கையில் வேறொரு வரியைப் பேனாவால் வட்டமிட்டார்: எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறிப்போய் 4.4. நான் அதைப் பார்க்கவே இல்லை!

இப்போது 1000 யூனிட் மாத்திரை ஒன்றுதான், மதியச் சோற்றோடு. கொழுப்பில் கரையும் சத்து அது. சாப்பிட்டதும் கைச்சட்டையை மடித்துக்கொண்டு கால் மணி நேர நடை. நாலு மாதத்தில் டி 72. எல்.டி.எல்.லுக்கு ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இனி வாரம் ஒருமுறைதான். எல்.டி.எல். 2.5க்கு இறங்கியது.

இனிப்புப் பால் டீயான தே தாரிக்கையும் விட்டாச்சு. மாமாக் கடை அண்ணன் மட்டும் இன்னும் நம்பவில்லை. பாலும் சீனியும் இல்லாத டீ கேட்டால், "தே ஓ கோசோங்கா? நெசமாவா?" என்று தினமும் கேட்கிறார்.