மலாயா போன கொள்ளுத்தாத்தா கடைசியில் என்ன ஆனார்? தேடும் முறை

"மலாயாவுக்குப் போனார், கொஞ்ச காலம் பணம் அனுப்பினார், அப்புறம் தகவலே இல்லை." தஞ்சை, நாகை பக்கம் பல வீடுகளில் இந்த அளவுக்குத்தான் சொல்வார்கள். என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றியும் எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும். அவர் எந்த ஊரில், யாரோடு இருந்து காலமானார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த வழியை எழுதுகிறேன். குடும்பத்தில் பெரியவர்களிடம் பேசி, பெயர்களை எழுதி வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நிறையப் பேர் கப்பல் பயணப் பதிவைத் தேடித்தான் தொடங்குகிறார்கள். அது அவர் போனதைச் சொல்லுமே தவிர, போன பிறகு என்ன ஆனார் என்பதைச் சொல்லாது. பிற்காலம் தெரிய வேண்டுமானால் இறப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வர வேண்டும்.

1. இரண்டு தேதிகள்

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அவர் உயிரோடு இருந்ததற்குக் கடைசி ஆதாரம். இன்னொன்று, அவர் இல்லை என்பதற்கு முதல் ஆதாரம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறுக்குவதுதான் முழு வேலையும். வம்சாவளி செயலிகள் இதற்குத் தோதுப்படவில்லை. தேதி, ஆதாரம், அது எங்கே இருக்கிறது என்று மூன்று கட்டம் போட்ட எக்செல் தாள்தான் என் தேர்வு.

2. டிரங்குப் பெட்டி

இதை அவசரமாகச் செய்யாதீர்கள். பெரும்பாலான விஷயம் இங்கேதான் கிடைக்கும்.

முதலில் எடுக்க வேண்டியது கல்யாணப் பத்திரிகைகள். மூலையில் மஞ்சள் தடவிய பழைய பத்திரிகையில், பேரன் பேத்தி கல்யாணமாக இருந்தாலும் தாத்தா பெயர் இருக்கும். பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" இருக்கிறதா என்று பாருங்கள். 1961 பத்திரிகையில் அந்தச் சொல் இல்லை, 1966 பத்திரிகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறப்பு அந்த ஐந்து வருடத்துக்குள் வந்துவிட்டது. மலாயாவிலிருந்து வந்த பத்திரிகை என்றால் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் கிடைக்கும். கருமாதிப் பத்திரிகையே கிடைத்தால் இந்தப் படி முடிந்தது.

பத்திரங்களையும் இதே கண்ணோடு படியுங்கள். பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களில் "தற்சமயம் மலாயாவில் இருக்கும்" என்றோ "காலஞ்சென்ற இன்னார் குமாரர்" என்றோ எழுதியிருப்பார்கள். வீட்டில் நகல் இல்லாவிட்டால் நிலத்தின் சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் பத்திர எண்ணுக்கு நகல் கேளுங்கள்.

கடிதங்களை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தபால் முத்திரையில் உள்ள ஊரும் தேதியும் உள்ளே எழுதியதைவிட முக்கியம். ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கும்: போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போது போர்ட் கிள்ளான், தெலுக் ஆன்சன் இப்போது தெலுக் இந்தான். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த பெயர் இன்னொன்று என்று இருந்ததுண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1942 முதல் 1945 வரை கடிதமே இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் இந்தியாவோடு தபால் போக்குவரத்து அறுந்திருந்தது. அதே சமயம், ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. 1946க்குப் பிறகும் எந்தத் தடயமும் இல்லையென்றால் அந்தச் சாத்தியத்தையும் மனதில் வைக்க வேண்டியிருக்கிறது.

3. பெயர்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இது. இங்கே கோ. வீராசாமி என்றால், அங்கே "வீராசாமி சன் ஆஃப் கோவிந்தன்" என்று பதிவாகியிருக்கும். பிற்காலப் பதிவுகளில் "சன் ஆஃப்" போய் "அனாக் லெலாக்கி" வரும்; மலாயில் மகன் என்று பொருள். முன்னெழுத்தோடு தேடினால் ஒன்றும் வராது. அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் குமாஸ்தா காதில் விழுந்தபடி இருக்கும். "வீ"க்கு "ஈ" இரண்டு போட்டிருக்கலாம், "ஐ" ஒன்று போட்டிருக்கலாம். "சாமி" முடிவில் "ஒய்" வரலாம், "ஐ" வரலாம். முத்துவில் "யு"வுக்குப் பதில் "ஓ" இரண்டு வரலாம். எல்லா வடிவத்தையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி அடித்துக்கொண்டே போங்கள்.

பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அப்பா பெயர், சொந்த ஊர், மனைவி பெயர் இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வர வேண்டும். வீராசாமிகள் அங்கே ஏராளம்.

4. பதிவுகள்

தேதி குறுகிய பிறகுதான் இங்கே வாருங்கள். மலேசியாவில் இறப்புப் பதிவு தேசியப் பதிவுத் துறையிடம் இருக்கிறது. அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் கேட்பதே சுலபம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. சிலவற்றை நூலகத்துக்கே போய்த்தான் பார்க்க முடியும். சொல் தேடலை மட்டும் நம்பாமல், உங்கள் தேதிகளுக்கு நடுவே உள்ள மரண அறிவிப்புகளைப் புரட்டிப் பாருங்கள்.

குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம்தான். ஆனால் அதில் பிறர் போட்டுவைத்த குடும்ப மரங்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். கல்லறை விவரங்களைத் தொகுக்கும் இணையதளங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உதவும். தகனம் செய்தவர்களுக்கு அங்கே எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவர் பெயரைத் தேட, தோட்டத்துக் கோயிலின் உபயதாரர் கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி அங்கே இருப்பவர்களிடம் கேட்கலாம்.

அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது தெரியவரலாம். முதல் கடிதத்திலேயே சொத்துப் பேச்சு எடுக்காதீர்கள். கையில் உள்ள புகைப்படத்தின் நகலை வைத்து அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: "மலேசியாவில் இறப்புப் பதிவே இல்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர் திரும்பி வந்திருக்கலாம். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினார்கள். அப்படி வந்தவர் சொந்த ஊரில் இல்லாமல் மகள் வீட்டிலோ மனைவியின் ஊரிலோ காலமாகியிருக்கக்கூடும். அந்த ஊர்களின் இறப்புப் பதிவேட்டையும் கேளுங்கள். 1980க்கு முன் அதை எழுதியவர் கிராம முன்சீப். பழைய பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.